கற்பிட்டி தந்த சுவடிக் காவலர்



சுவடிக்கூடத்தில் உத்தியோகம் பெற விழையும் பழைய மாணவர் சிலர், அதற்கு யாது பயிலவேண்டும் என என்னிடம் வினவுவதுண்டு. புத்தளக் கரையிற் பிறந்த சைமன் காசிச்செட்டியின் வரலாற்றையே நான் அவர்களுக்கு முதலிற் கூறுவேன்.

இலங்கையில் அரசாங்கச் சுவடிக் காப்பாளராக ஆர். ஜி. அந்தோனிஸ் அமர்ந்தது 1902இலாகும். அதற்கு நெடுங்காலம் முன்னரே, அப்பதவிப் பெயர் இல்லாமலே அத்தொழிலைத் தொடங்கியவர் காசிச்செட்டி. அவர் 1807இல் கற்பிட்டியிற் பிறந்தார். அவ்வூர்க் கோட்டை ஒல்லாந்தர் கையினின்று ஆங்கிலேயர் கைக்கு மாறி அப்போது 12 ஆண்டுகளே ஆகியிருந்தன. பழைய ஏடுகள் ஒல்லாந்த மொழியில். புதிய கட்டளைகள் ஆங்கிலத்தில். குடிகளின் வழக்கோ தமிழில். ஆட்சி மாறுங்காலத்திலேதான் ஏடுகள் பெரிதும் அழிகின்றன.

புத்தளத்தில் மணியகாரராயிருந்த அவர், 1834இல், தம் 27ஆம் வயதில், இலங்கையின் ஊர், ஆறு, துறைமுகம் ஆகியவற்றின் விவரங்களைத் திரட்டி ஆங்கிலத்தில் 'சிலோன் கெசற்றியர்' என்னும் நூலாக வெளியிட்டார். அது அகரவரிசையில் அமைந்தது. தேடுவோன் கைக்கு உடனே அகப்படுமாறு செய்திகளை நிரல்படுத்தல் சுவடித் தொழிலின் முதற்பாடமன்றோ!

பின்னர் அவர் சட்டநிரூபண சபை அங்கத்தவராகவும், சிலாபத்தில் நீதிபதியாகவும் விளங்கினார். 1841இல் 'உதயாதித்தன்' என்னும் தமிழ்ப் பத்திரிகையையும் நடத்தினார்.

அவருடைய பெரும்பணி 1859இல் வெளிவந்த 'தமிழ் புளூட்டாக்' ஆகும். 200க்கு மேற்பட்ட தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை அது ஆங்கிலத்திற் சுருங்கக் கூறுவது. உ. வே. சாமிநாதையர் அப்போது நான்கு வயதுக் குழந்தை. சங்க நூல்கள் பல அச்சேறாது ஏட்டிலே கிடந்தன. ஔவையாரை வள்ளுவரின் உடன்பிறந்தாராகக் கூறும் கதை போன்றவற்றையும் அவர் சேர்த்துக்கொண்டார். கால ஆராய்ச்சியில் இது குறையே. ஆயினும், செவிவழிச் செய்தியை எழுதி வைப்பவன் இருந்தாலன்றோ பின்வருவோன் அதனைத் திருத்த இயலும்? ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் வெளியிட்ட 'பாவலர் சரித்திர தீபகம்' இந்நூலின் வழி வந்ததே. நூல் வெளிவந்த மறு ஆண்டில், 1860இல், காசிச்செட்டி காலமானார்.

இனி, மாணவரின் வினாவுக்கு வருவோம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் வேண்டும். ஓலையெழுத்தை வாசிக்கும் பழக்கமும் வேண்டும். ஒல்லாந்த மொழி கற்பாரோ நம்மிடையே மிகச் சிலர். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியின் ஏடுகளை யுனெஸ்கோ 2003இல் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்தது. அவற்றுள் ஒரு பகுதி கொழும்பிலும் மற்றொரு பகுதி சென்னையிலும் உள்ளது. நம் முன்னோரின் காணியும் குடும்பமும் எழுதப்பட்ட தோம்புகளை வாசிக்க அந்த மொழியே திறவுகோல்.