ரோமாபுரி வாளும் நம் உருக்கும்



எனக்கு முன் பேசிய நண்பர் ரோமானியரின் வாளை வானளாவப் புகழ்ந்தார். ஒன்று கேட்கிறேன். அந்த வாள் ரோமாபுரியின் சொந்தச் சரக்கா?

அதன் பெயரே 'கிளாடியஸ் ஹிஸ்பானியென்சிஸ்'. அதாவது ஸ்பானிய வாள்! கார்த்தேஜோடு மோதிய காலத்தில், ஸ்பெயின் நாட்டுக் கெல்ட்டிபேரியர் கையில் பார்த்து எடுத்துக்கொண்டது. குதிரைப்படையின் நீண்ட 'ஸ்பாதா'வும் கெல்ட்டியர் வாளின் வழிவந்ததுதான். ஆனால் பொலிபியஸ் என்ன எழுதினார்? கெல்ட்டியர் வாள் ஒரே வெட்டில் வளைந்துவிடும், தரையில் ஊன்றிக் காலால் மிதித்து நிமிர்த்த வேண்டும் என்றார். தோற்றவனைப் பற்றி வென்றவன் பக்கத்து ஆள் எழுதினால் அப்படித்தான் இருக்கும். இன்று ஆய்வுக்கூடத்தில் சோதித்தால், அவற்றில் மட்டமான வாளும் உண்டு, நல்ல எஃகு வாளும் உண்டு.

இரவல் வாங்குவது குற்றமில்லை. நம் ஊர் பாசிர் கூடாங்கின் பெயரில் உள்ள 'கூடாங்'கூட நம் 'கிடங்கு' கப்பலேறி வந்ததுதான் என்பார்கள்!

சரி, நம்மிடம் என்ன இருந்தது? ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை தோண்டிய அலெக்சாண்டர் ரீ, தாழிகளோடு இரும்பு வாள்களையும் கண்டெடுத்தார். இந்திய இரும்பும் எஃகும் செங்கடல் துறைகளில் இறங்கியதை முதல் நூற்றாண்டின் 'பெரிப்ளஸ்' சொல்கிறது. கொடுமணலில் எஃகு செய்த தடயமே கிடைத்திருக்கிறது. சேலத்துப் பக்கம் இரும்பையும் ஆவாரங்கட்டையையும் மண் மூசைக்குள் வைத்து, எருக்க இலையால் மூடி, களிமண் பூசி உருக்கினார்கள். அதைத்தான் வெள்ளைக்காரர் 'ஊட்ஸ்' என்றார்கள். லண்டனில் ஃபாரடேயே 1819 வாக்கில் அதை ஆராய்ந்தார்.

அப்புறம்? சீமை இரும்பு மலிவாக வந்தது, உலைகள் அணைந்தன. கைப்பக்குவம் கிழவர்களோடு போயிற்று.

இன்று கடையில் தொங்கும் 'டமாஸ்கஸ்' மாதிரி வாள்களில் பெரும்பாலானவை இரண்டு வகை எஃகை மடித்து அடித்து, அமிலத்தில் கோடு எடுத்தவை. பழைய முறைக்கு நெருங்கி வந்தவர்கள் அமெரிக்கப் பேராசிரியர் வெர்ஹோவனும் கொல்லர் பென்ட்ரேயும். தாதுவில் இருந்த துளி வனேடியம்தான் அந்த அலைக்கோலத்துக்குக் காரணம் என்று 1998இல் எழுதினார்கள். பென்ட்ரே ஃபுளோரிடாவில் குதிரைக்கு லாடம் அடித்தவர். சேலத்துக்காரர் அல்லர்.