சோப்ராலில் கலைந்த ஃபோகஸ்



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போனில் புலம்பினான். ராத்திரியே கேமராவில் எல்லாவற்றையும் சரிபார்த்து வைத்துவிட்டு, விடியற்காலையில் பறவைகளை எடுக்கப் போயிருக்கிறான். வீட்டுக்கு வந்து பார்த்தால் அத்தனையும் மங்கல். "செக் பண்ணாம போகல சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவனுக்குச் சொன்ன கதைதான் இது.

1919 மே 29. பிரேசிலின் வடகிழக்கில் சோப்ரால் என்ற ஊர். அங்குள்ள குதிரைப் பந்தயத் திடலில், முழுச் சூரிய கிரகணத்தைப் படமெடுக்கக் கிரீனிச் வானாய்வகத்தைச் சேர்ந்த குரோம்லின், டேவிட்சன் என்ற இருவர் காத்திருந்தார்கள். சூரியனை ஒட்டி வரும் நட்சத்திர ஒளி எவ்வளவு வளைகிறது என்று அளக்க வேண்டும். ஐன்ஸ்டைன் கணக்குப்படி 1.75 விகலை, நியூட்டன் வழிக் கணக்கில் அதில் பாதி. ஒரு பாகையை 3600 கூறாக்கினால் ஒரு கூறுதான் விகலை. வகுப்பில் கோணமானியை வைத்து ஒரு பாகையைக் குறிக்கவே நீங்கள் பட்ட பாடு எனக்கு நினைவிருக்கிறது!

கிரகணம் முழுமையாக நிற்பதோ ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல். அதனால் ஒரு மாதம் முன்பே போய்ச் சேர்ந்து, இரவில் நட்சத்திரங்களைப் படமெடுத்து ஃபோகஸ் பார்த்து வைத்திருந்தார்கள். பெரிய தொலைநோக்கியில் 19 கண்ணாடித் தட்டுகள், 5 விநாடியும் 10 விநாடியும் மாற்றி மாற்றி. துணைக்குக் கொண்டு போன 4 அங்குல லென்ஸில் 8 தட்டுகள், தலா 28 விநாடி. அந்தச் சின்ன லென்ஸ் இரவல் வாங்கியது. கோர்ட்டி என்ற பாதிரியார் சொல்லித்தான் அதையும் எடுத்துப் போனார்கள்.

மறுநாள் அதிகாலை மூன்று மணிக்குத் தட்டுகளைக் கழுவினால், பெரிய தொலைநோக்கியின் படங்களில் நட்சத்திரங்கள் கலங்கிக் கிடந்தன. பகலில் வெயில் பட்டு, தொலைநோக்கிக்குள் ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடி சீரில்லாமல் விரிந்ததே காரணம் என்று எழுதி வைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதே நட்சத்திரங்களை ஜூலையில் மறுபடி எடுத்தபோது ஃபோகஸ் தானாகவே பழையபடி வந்திருந்தது. அவர்கள் சரிபார்த்ததில் பிழை இல்லை. பார்த்தது குளிர்ந்த இரவில், படமெடுத்தது பகலில்.

சின்ன லென்ஸின் 8 தட்டுகளில் ஒன்று மேகத்தால் வீணாக, மீதி 7 தெளிவாக வந்தன. அவற்றில் கிடைத்த அளவு 1.98. அதே நாள் ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிய பிரின்சிபித் தீவில் எடிங்டன் மேகங்களுக்கு நடுவே எடுத்ததில் 1.61. கலங்கிய தட்டுகளோ 0.93 என்று நியூட்டன் பக்கம் சாய்ந்தன. வெப்பத்தால் படம் மங்கியதா, அளவே மாறிவிட்டதா என்று சொல்ல முடியாததால், அந்த எண்ணுக்குக் குறைந்த மதிப்பே கொடுத்து, நவம்பர் 6 அன்று லண்டனில் முடிவை அறிவித்தார்கள்.

வேண்டாத எண்ணை ஒதுக்கிவிட்டார்கள் என்று பின்னாளில் குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. கெட்டுப்போன தட்டுகளை மறைக்கவில்லை. எண்ணையும் காரணத்தையும் அறிக்கையிலேயே அச்சிட்டார்கள். தட்டுகளைப் பத்திரமாகவும் வைத்திருந்தார்கள். 1979இல் கிரீனிச் வானாய்வகத்தார் அந்த மங்கல் தட்டுகளையே எடுத்துப் புதுக் கருவியால் அளந்தார்கள். இந்த முறை வந்தது 1.55.

மாணவனிடம் கேட்டேன், மங்கல் படங்கள் எங்கே என்று. அன்றைக்கே அழித்துவிட்டானாம்.