கடல்கட்டியும் இரும்புக் கூண்டும்

கொங்கு நாட்டுக்குக் கடல் கிடையாது. கடலின் முத்தோ இங்கும் பேசப்பட்டிருக்கிறது. பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தில், செல்வக்கடுங்கோ வாழியாதனிடம் பாணனை ஆற்றுப்படுத்தும் கபிலர், கொடுமணத்தையும் பந்தரையும் குறிப்பிட்டு, நல்ல அணிகலன்களோடு தெளிந்த கடலின் முத்தும் உனக்குக் கிடைக்கும் என்கிறார். அக்கொடுமணம் நொய்யல் கரையிலுள்ள இன்றைய கொடுமணல் என்பது ஆய்வாளர் துணிபு.

அந்த முத்தை எடுத்தவர் யார்? கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான பெரிப்ளூஸ், கொற்கையில் தண்டனை பெற்ற குற்றவாளிகளே முத்துக் குளித்தனர் என்று ஒரே வரியில் சொல்லிச் செல்கிறது. விரும்பி எவரும் இறங்காத நீர் அது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. கல்லைத் துணையாகக் கொண்டு, மூச்சடக்கி, சுறா உலவும் ஆழத்தில் இறங்குகிற வேலை.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ காட்டும் ஏற்பாடு வேறு. பெருமீன்களை மந்திரத்தால் கட்டுவோர் அப்போது இருந்தனர். முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு; இருபதில் ஒரு பங்கு மந்திரக்காரருக்கு. இதில் கூர்ந்து நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. கட்டு பகலுக்கு மட்டுமே உரியது. இரவில் அதை அவிழ்த்துவிடுவார்கள், எவரும் திருட்டுத்தனமாக முத்தெடுக்காதிருக்க. ஆக, பகலில் கட்டுண்ட சுறா இரவில் முத்துப் பாருக்குக் காவலாயிற்று. மந்திரம் குளிப்பவனின் உயிரை மட்டுமல்ல, உடைமையாளரின் சொத்தையும் காத்தது.

இவர்களுக்குக் 'கடல்கட்டி' என்று பெயர். ஆங்கிலேய அரசும் இவர்களை விலக்கவில்லை. மந்திரத்தில் அதற்கு நம்பிக்கை இல்லை. ஆனால் கடல்கட்டி வராமல் குளிப்பவர் இறங்கமாட்டார்கள், இறங்காவிட்டால் வருவாய் இல்லை. இலங்கைச் சலாபத்தைக் கண்டெழுதிய எமர்சன் டென்னெண்ட், தம் காலத்துக் கடல்கட்டிக் குடும்பத் தலைவர் ரோமன் கத்தோலிக்கர் என்றும், அதனால் அவருடைய மந்திரத்தின் மதிப்பு குறையவில்லை என்றும் பதிவு செய்கிறார். அன்று அவர் நோயுற்றிருந்ததால் ஒரு பதிலாள் வந்திருந்தார். தமக்கு அந்த இரகசியம் தெரியாதென்றும், தலைவரின் பிரதிநிதியாகத் தாம் நிற்பதே சுறாக்களுக்குப் போதுமென்றும் அவர் சொன்னாராம்.

சிரிப்பு வரலாம். ஆனால் அந்தப் பதிலாள் சுறாக்களுக்காக நிற்கவில்லை; குளிப்பவர்களுக்காக நின்றார். உயிரைப் பணயம் வைக்கும் உழைப்பாளி, எனக்காக ஒருவர் கரையில் நிற்கவேண்டும் என்று வற்புறுத்திப் பெற்ற உரிமை அது. தண்டனைக் கைதியாக இறங்கியவனுக்கு அப்படிக் கேட்க வாயில்லை.

இன்று சுறாவைக் காணக் காசு கொடுத்துக் கடலில் இறங்குகிறார்கள். 1963இல் வெள்ளைச் சுறாவிடம் கடிபட்டுப் பிழைத்த ஆஸ்திரேலியர் ராட்னி ஃபாக்ஸ் கூண்டு முறையை வளர்த்தெடுத்த முன்னோடி. தென்னாப்பிரிக்காவின் கான்ஸ்பாயிலும் படகோரம் இரும்புக் கூண்டுகள் இறக்கப்படுகின்றன. மெக்சிகோ அரசோ 2023இல் குவாதலூப் தீவில் இச்சுற்றுலாவைத் தடை செய்தது. மனிதரிடமிருந்து சுறாவைக் காக்கவேண்டும் என்ற கவலையும் இன்று சேர்ந்துகொண்டது.

தூத்துக்குடியில் 1961க்குப் பின் சலாபம் நடைபெறவில்லை. கடல்கட்டிக்கும் வேலை முடிந்தது. கூண்டுக்குள் நிற்பவருக்கு அச்சம் ஓர் அனுபவம். விலை கொடுத்து வாங்கலாம், வேண்டாமென்றால் மேலே வந்துவிடலாம். முத்துக் குளித்தவனுக்கு அது நாட்கூலியின் ஒரு பகுதி. நெய்தலுக்கு உரை சொல்லும் நாம் முத்தின் ஒளியை விரித்துரைக்கிறோம். அந்த அச்சத்துக்கும் உரையில் ஒரு வரி வேண்டும்.