முன்பதிவு ஏடும் கணிப்பொறியும்

தீபாவளி, பொங்கல் நாட்களில் சென்னையிலிருந்து தென் மாவட்டங்களுக்குச் செல்லும் பாண்டியன், நெல்லை, பொதிகை விரைவு வண்டிகளில், முன்பதிவு தொடங்கிய சில நிமிடங்களிலேயே இடங்கள் தீர்ந்துவிடுகின்றன. மாம்பலம் நிலையத்தில் வரிசையில் நிற்பவரும், மயிலாப்பூரில் வீட்டிலிருந்தே கைப்பேசியில் முயல்பவரும், எஞ்சியுள்ள ஒரே படுக்கையை ஒரே நொடியில் கேட்கக்கூடும். அது இருவருக்கும் சென்றுவிடாமல் காப்பது எவ்வாறு?

முற்காலத்தில் இதற்கு எளிய வழி இருந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனி ஏடு உண்டு. ஏடு ஓர் எழுத்தரின் கையில் இருக்கும்போது மற்றவர் அதில் எழுத முடியாது. ஆகவே தவறு நேரவில்லை. ஆனால் வரிசை நீண்டது.

கணிப்பொறி வந்தவுடன் இக்குறை நீங்கிவிடவில்லை. அடையாற்றை அடுத்த இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973ஆம் ஆண்டில் ஐ.பி.எம். 370/155 என்னும் பெரிய கணிப்பொறி நிறுவப்பட்டது. துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டுப் பின்னர் விடையைப் பெற்றுச் செல்வதே அக்கால வழக்கம். ஆராய்ச்சிக் கணக்குகளுக்கு இது போதும்; சன்னலில் காத்து நிற்கும் பயணிக்குப் போதாது. பல முனையங்களுக்கும் உடனுக்குடன் விடை தரும் முன்பதிவு முறை 1985இல் தில்லியில் தொடங்கி, 1987இல் சென்னைக்கு வந்தது. சி.எம்.சி. நிறுவனம் அதற்கான நிரல்களை எழுதியது.

தரவு மிகுந்தால் கணிப்பொறி திணறும் என்று பலரும் எண்ணுகின்றனர். இது பாதி உண்மையே. வரிசைப்படுத்திய பட்டியலில் நடுவே பார்த்து, வேண்டாத பாதியை ஒதுக்கிக்கொண்டே சென்றால், 10 இலட்சம் பதிவுகளில் ஒன்றைக் கண்டுபிடிக்க ஏறத்தாழ 20 ஒப்பீடுகள் போதும். பதிவுகள் இரு மடங்கானால் ஒரே ஓர் ஒப்பீடுதான் கூடும். புத்தகத்தின் இறுதியில் உள்ள சொல்லடைவு போன்ற சுட்டுப் பட்டியல்கள் தரவுத்தளத்தில் இப்பணியைச் செய்கின்றன.

உண்மையான இடர்ப்பாடு பூட்டில் உள்ளது. ஒருவர் மாற்றும் பதிவை அவர் முடிக்கும்வரை பிறர் மாற்றாதபடி கணிப்பொறி பூட்டிவைக்கிறது. பழைய ஏட்டின் விதியே இது. ஒரு பதிவு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் பூட்டப்படுவதாகக் கொள்வோம். அப்பதிவை நொடிக்கு 50 பேருக்கு மேல் மாற்ற இயலாது. அருகில் பத்துப் புதிய கணிப்பொறிகளை வைத்தாலும் பயனில்லை. ஆகவே பூட்டுவது சிறிய பகுதியாகவும், பூட்டும் நேரம் குறைவாகவும் இருக்கவேண்டும்.

பாரத்தைப் பகிர்வது மற்றொரு வழி. தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் தத்தம் பகுதி வண்டிகளின் தரவை வைத்துக்கொண்டன. ஐந்தையும் இணைக்கும் ‘கான்செர்ட்’ என்னும் முறை 1994இல் செகந்திராபாத்தில் தொடங்கி, 1999இல் முழுமையடைந்தது. அதன்பின் எம்மையத்தின் முனையத்திலிருந்தும் எவ்வண்டிக்கும் சீட்டுப் பெற முடிந்தது. உங்கள் பயணச்சீட்டின் பத்து இலக்க எண் 4 அல்லது 5 எனத் தொடங்கினால், அது சென்னை மையத்தின் பதிவாகும்.

ஐந்து ஆண்டுகள் ஏன் தேவைப்பட்டன? ஏடு வெறுமையாக இருக்கும் நாள் ஒன்றுகூட இல்லை என்பதை எண்ணிப் பாருங்கள். வரும் வாரங்களில் பயணம் செய்யவிருப்போரின் இடங்கள் எப்போதும் அதில் எழுதப்பட்டிருக்கும். பழைய முறையை நிறுத்திவிட்டு மறுநாள் புதிதாகத் தொடங்க இயலாது. ஓடும் வண்டியின் சக்கரத்தை மாற்றுவது போன்ற வேலை அது. எனவேதான் முதலில் ஒரு மையம், பின்னர் மற்றவை என்ற ஒழுங்கு.

இணையவழிச் சீட்டு 2002இல் வந்தபின் நெருக்கம் பெருகியது. 2014இல் அமைத்த புதிய முறையில், நிமிடத்திற்கு 2,000 ஆக இருந்த இணையச் சீட்டுத் திறன் 7,200 ஆக உயர்த்தப்பட்டது. ஆயினும் ஒரு பெட்டியில் 72 படுக்கைகள் என்றால் 72தான். வேகம் கூடியதால் இடங்கள் இன்னும் விரைவாகத் தீர்ந்தன. 2024 நவம்பரில் முன்பதிவுக் காலம் 120 நாட்களிலிருந்து 60 நாட்களாகக் குறைக்கப்பட்டது. அப்போதும் முன்பே பெற்ற சீட்டுகள் செல்லும் என அறிவிக்க வேண்டியிருந்தது.

தியாகராய நகரின் பெரிய துணிக்கடைக்கும் இதே பாடம் பொருந்தும். விற்பனைக் கணக்கு மெதுவாக நடந்தால், உடனே விலையுயர்ந்த கணிப்பொறியை வாங்குவது தீர்வாகாது. சுட்டுப் பட்டியல் சரியாக உள்ளதா, பல சன்னல்களும் ஒரே பதிவுக்காகக் காத்து நிற்கின்றனவா, முடிந்த ஆண்டுகளின் கணக்கு அன்றாடக் கணக்கோடு கலந்து கிடக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். புதிய முறைக்கு மாறுவதாயின், தரவின் நகல் ஒன்றில் அதை ஓட்டிப் பார்த்து, பழைய முறைக்குத் திரும்பும் வழியையும் திறந்து வைத்துக்கொண்டு, தீபாவளி விற்பனை முடிந்தபின் தொடங்குவதே அறிவுடைமை.