ரஃப் நோட்டும் ஃபேர் நோட்டும்

நாம் படித்த காலத்தில் பையில் இரண்டு நோட்டு இருக்கும். ரஃப் நோட்டில் என்ன வேண்டுமானாலும் கிறுக்கலாம், யாரும் பார்க்க மாட்டார்கள். ஃபேர் நோட்டுதான் வாத்தியார் மேஜைக்குப் போகும், சிவப்பு மசியோடு திரும்பி வரும். வேறு தாய்மொழிக்காரப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்கும் முறையின் வரலாற்றைப் படித்தால், ஃபேர் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மெல்ல ரஃப் நோட்டுப் பக்கம் திரும்பிய கதை அது என்று தெரிகிறது. ஊரைவிட்டு வந்து இந்தி, மராத்தி நடுவே பிள்ளை வளர்க்கும் நமக்கு இந்தக் கதையில் தனியாக ஒரு காரியம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஃபேர் நோட்டுக்கு எப்படி இவ்வளவு மவுசு வந்தது? எல்லோரும் 1835-இன் மெக்காலேயைத்தான் சொல்வார்கள். என்னைக் கேட்டால் 1857 அதைவிட முக்கியம். கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் தொடங்கிய ஆண்டு. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைத்தவை. ஆரம்பத்தில் அவை பாடம் நடத்தவில்லை, பரீட்சை நடத்தின. எங்கோ உட்கார்ந்து விடைத்தாள் திருத்துகிறவருக்கு, பையன் அந்தப் பத்தியை எப்படி யோசித்தான், எத்தனை முறை அடித்து எழுதினான் என்பதெல்லாம் தெரிய வழியில்லை. தாளில் இருப்பதுதான் கணக்கு. அப்புறம் என்ன, மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்வதுதான் புத்திசாலித்தனம். செய்தார்கள். (நாமும்தான் செய்தோம். பசுவைப் பற்றி எழுதாதவர் யார்?) இன்றும் நம் வீட்டு அலமாரியில் இருக்கும் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணம் 1930-களில் வந்தது. அது முதலில் இங்கே வேலை பார்த்த வெள்ளைக்கார அதிகாரிகளின் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டது என்பது தனி வேடிக்கை.

சுதந்திரத்துக்குப் பிறகு முறை மாறியது. மனப்பாடம் போய் வாய்ப்பயிற்சி வந்தது. ஒரு வாக்கிய அமைப்பை எடுத்துக்கொண்டு வகுப்பு முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். 1958-இல் ஹைதராபாத்தில் மத்திய ஆங்கிலக் கல்வி நிறுவனம் ஆரம்பமானது. அந்தக் காலத்து ஆசிரியர் பயிற்சியில் இந்தக் கொள்கைதான் ஓங்கியிருந்தது. எழுத்து என்றால் கோடிட்ட இடத்தை நிரப்பு, நிகழ்காலத்தை இறந்தகாலமாக்கு, அவ்வளவே. தப்பு செய்ய இடமே கொடுக்கக்கூடாது, ஏனென்றால் தப்பு ஒரு கெட்ட பழக்கம். அந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது? தாய்மொழியிலிருந்து. ஆகவே வகுப்பில் தாய்மொழியைத் தள்ளி வை. இன்றைக்கும் சில பள்ளிகளில் பெற்றோர் கூட்டத்தில், வீட்டில் ஆங்கிலமே பேசுங்கள் என்று நம்மிடம் சொல்கிறார்களே, அதில் இந்த யோசனையின் மிச்சம் இருக்கிறது.

திருப்பம் அமெரிக்காவில் நடந்தது. 1971-இல் ஜேனட் எமிக் என்ற ஆய்வாளர், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் எட்டுப் பேரை உட்காரவைத்து, எழுதும்போது மனதில் ஓடுவதை உரக்கச் சொல்லச் சொன்னார். ஒழுங்காகக் குறிப்பு, பிறகு வரைவு, பிறகு திருத்தம் என்று பாடப்புத்தகம் சொல்லும் வரிசையில் மனம் ஓடவில்லை. முன்னே போகிறது, பின்னே வருகிறது, பாதியில் நிற்கிறது.

அதே சமயம், 1970-இல், நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் உள்ளூர்ப் பள்ளிகளில் தேறிய எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட்டது. ஏழைகள், கறுப்பர்கள், வீட்டில் வேறு மொழி பேசுகிறவர்கள் என்று ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். வாத்தியார்கள் திகைத்துப்போனார்கள். மீனா ஷானெஸி என்ற ஆசிரியை மட்டும் சுமார் 4000 கட்டுரைகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். 1977-இல் புத்தகமாக அவர் சொன்னது இதுதான்: இந்தத் தப்புகள் கண்டபடி வருவதில்லை, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது, இவர்கள் எழுதிப் பழகாதவர்கள், அறிவில்லாதவர்கள் அல்ல. அடுத்த ஆண்டே அவர் காலமானார்.

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களிடம் இதையெல்லாம் கொண்டுவந்ததில் விவியன் ஸமெல் முக்கியமானவர். 1983-இல் அப்படிப்பட்ட ஆறு மாணவர்கள் எழுதுவதை அருகிலிருந்து கவனித்தார். நன்றாக எழுதுகிறவர்கள் முதலில் சொல்ல வந்ததைப் பிடித்துக்கொண்டார்கள், இலக்கணக் கவலையைப் பின்னுக்குத் தள்ளினார்கள். தடுமாறுகிறவர்கள் சின்னச் சின்னத் துண்டிலேயே சிக்கி நின்றார்கள். 1985-இல் அவர் ஆசிரியர்களின் திருத்தங்களையும் ஆராய்ந்தார். முதல் வரைவையே கடைசித் தாள்போல் பாவித்து எழுத்துப்பிழைக்குக் கோடு போடுகிறார்கள், தெளிவில்லாமலும் முன்னுக்குப்பின் முரணாகவும் குறிப்பு எழுதுகிறார்கள் என்றார். அவர் பார்த்தது அமெரிக்க வகுப்புகளை. நம்மூர் நோட்டுகளைப் பார்த்திருந்தாலும் வேறு மாதிரி எழுதியிருக்க மாட்டார்.

எதிர்ப்பும் வந்தது, அதில் நியாயமும் உண்டு. இப்படி நாலு தடவை மாற்றி எழுதப் பழக்கினால் பரீட்சை ஹாலில் என்ன செய்வார்கள் என்று 1986-இல் டேனியல் ஹோரோவிட்ஸ் கேட்டார். நம் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி கிடையாது. சிபிஎஸ்இ தாளில் கடிதத்துக்கும் நோட்டீசுக்கும் வடிவம், வார்த்தைக் கணக்கு, மார்க் எல்லாம் உண்டு. ரஃப் நோட்டுக்கு மார்க் இல்லை. 2009-இல் வந்த தொடர் மதிப்பீட்டு முறையில் வரைவுகளையும் கணக்கில் எடுத்திருக்கலாம். அது ப்ராஜெக்ட், சார்ட் என்று பெற்றோர் தலையில் விழுந்து, 2017-இல் கைவிடப்பட்டது.

இப்போது அந்தக் காரியத்துக்கு வருகிறேன். 1990-இல் அலெக்ஸாண்டர் ஃப்ரீட்லாண்டர் ஓர் ஆய்வை வெளியிட்டார். சீன மொழி பேசும் 28 பல்கலைக்கழக மாணவர்களுக்கு இரண்டு விஷயங்கள்: ஒன்று சீனர்களின் சிங்மிங் பண்டிகை, மற்றொன்று அமெரிக்கக் கல்லூரி வாழ்க்கை. கட்டுரை ஆங்கிலத்தில்தான், ஆனால் முன்குறிப்பைச் சீனத்திலும் ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றி எழுதவைத்தார். பண்டிகையைப் பற்றிச் சீனத்தில் குறிப்பெடுத்தபோது குறிப்பும் விரிவாக இருந்தது, ஆங்கிலக் கட்டுரையும் மேலாக வந்தது. கல்லூரி வாழ்க்கைக்கு ஆங்கிலக் குறிப்பே உதவியது. அதாவது, எந்த மொழியில் வாழ்ந்தோமோ அந்த மொழியில் ஞாபகம் சேர்ந்திருக்கிறது. பெரியவர்களிடம் செய்த சின்ன ஆய்வுதான். ஆனாலும் வீட்டுமொழி ஆங்கிலத்தைக் கெடுக்கும் என்ற பழைய பயத்துக்கு இது நேர் எதிர். வீட்டுமொழிகளை வகுப்புக்குக் கிடைத்த வளமாகப் பார்க்க வேண்டும் என்றுதான் நம் தேசியக் கலைத்திட்ட வரைவு 2005-உம் சொல்லியிருக்கிறது.

நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் எழுத வராது, பேச வரும். போதும். லீவுக்கு மாயவரம் போய்வந்ததைப் பற்றிக் கட்டுரை என்றால், ஸ்டேஷனுக்கு யார் வந்தார்கள், தாத்தா என்ன சொன்னார், அப்புறம் என்ன ஆச்சு என்று அம்மாவோ அப்பாவோ தமிழிலேயே கேட்கலாம். பிள்ளை வாயால் சொல்லிக்கொண்டே பாதி ஆங்கிலம் பாதி இந்தியில் ரஃப் நோட்டில் குறித்துக்கொள்ளட்டும், எழுத்துப்பிழையோடு. சிவப்புப் பேனாவை அன்று ராத்திரி எடுக்காதீர்கள். ஃபேர் நோட்டுக்கு மறுநாள் இருக்கிறது.