பழவேற்காட்டுப் பாதையில்

சென்னையிலிருந்து வடக்கே செல்வோர் செங்குன்றம், கும்மிடிப்பூண்டி வழியாக நெடுஞ்சாலையில் விரைந்துவிடுகின்றனர். அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி வழியே பழவேற்காட்டை அடையும் பாதையை நாடுவோர் சிலரே. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளையும் சரக்கு லாரிகளின் வரிசையையும் கண்டு, இங்கே காண்பதற்கு என்ன இருக்கிறது என்று நாமும் எண்ணிவிடுகிறோம். ஆயினும் பல நூற்றாண்டு வரலாறு இப்பாதையின் ஓரங்களில் நமக்காகக் காத்திருக்கிறது.

அத்திப்பட்டுக்குக் கிழக்கே ஓடும் பக்கிங்காம் கால்வாயையே முதலில் காண்போம். பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வணிகரின் முயற்சியால் 1806-இல் எண்ணூர்வரை அமைந்த கால்வாய், பின்னர் பழவேற்காடுவரை நீண்டது. 1876-78 பெரும் பஞ்சத்தின்போது, பட்டினியால் வாடிய மக்களுக்குக் கூலி கொடுத்துக் கூவத்திற்கும் அடையாற்றிற்கும் இடைப்பட்ட பகுதியை வெட்டினர். வட கால்வாயும் தென் கால்வாயும் இணைந்தன. கால்வாய்க்கு நிலைத்தது ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர். மண் சுமந்த ஏழைகளின் பெயர் எங்கும் இல்லை.

ஏகாம்பரநாதரும் வரதராசரும் கோயில் கொண்ட மீஞ்சூரை 'வடகாஞ்சி' என்பர். பொன்னேரியில் சித்திரைத் திருவிழாவின்போது சிவனும் திருமாலும் வீதியில் சந்திக்கின்றனர். சோழர் காலக் கோயிலுள்ள திருப்பாலைவனத்தைக் கடந்தால் பழவேற்காட்டு ஏரி கண்ணுக்குத் தெரிகிறது.

பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் இங்கே குடியேறினர். மகிமை மாதா திருத்தலம் 1515-இல் தோன்றியது என்பது நம்மவர் போற்றிவரும் மரபு. பின்னர் வந்த ஒல்லாந்தர், விசயநகர மன்னரின் இசைவு பெற்று 1610-இல் காலூன்றி, 1613-இல் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பினர். கீழைத் தீவுகளில் நறுமணப் பொருள்களுக்கு மாற்றாக விரும்பப்பட்டது சோழமண்டலக் கரையின் துணியே. ஆகவே நம் நெசவாளரின் கைத்திறனைத் தேடியே அவர்களது கப்பல்கள் வந்தன.

அந்த ஒல்லாந்தரிடையே ஆபிரகாம் ரொகேரியுஸ் என்ற சீர்திருத்த சபைப் போதகரும் இருந்தார். 1632 முதல் பத்தாண்டுகள் இங்கே பணியாற்றிய அவர், பத்மநாபன் என்ற அந்தணரிடம் இந்து சமய நெறிகளைக் கேட்டறிந்தார். அவர் எழுதிய நூல் 1651-இல் லைடன் நகரில் வெளியாகி, ஐரோப்பியருக்கு நம் நாட்டுச் சமயத்தை விரிவாக அறிமுகப்படுத்தியது. பிறர் நெறியைப் பொறுமையுடன் கேட்ட செவி ஒன்றும் இத்துறைமுகத்தில் இருந்தது.

ஆனால் அதே துறைமுகத்தில் மனிதரும் விலைபோயினர். பஞ்சமும் போரும் வாட்டிய ஆண்டுகளில், வறுமையுற்ற பல்லாயிரவரை ஒல்லாந்தர் விலைக்கு வாங்கி, இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தேவியாவுக்கும் பிற தீவுகளுக்கும் கப்பலேற்றினர். வாங்கியவரும் கிறிஸ்துவின் பெயரைத் தரித்தவரே என்பதை நாம் மறைக்கலாகாது.

கோட்டை இன்று புதர் மூடிய மேடு. ஒல்லாந்தரின் கல்லறைத் தோட்டமோ தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அதன் வாயிலின் இருபுறமும் எலும்புக்கூட்டு உருவங்கள் நிற்கின்றன. உள்ளே குலச்சின்னங்களோடும் பெயர்களோடும் கற்கள் கிடக்கின்றன. கப்பலேறிச் சென்றவர்களுக்கோ ஒரு கல்லும் இல்லை.

நவம்பர் மாதத்தில் நம் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றும் நாம், நம்முடைய இறந்தோரைப் பெயர் சொல்லி நினைக்கிறோம். பெயர் அறியப்படாத இவர்களும் நம் மண்ணின் மக்களே. அடுத்த முறை வடக்கே செல்லும்போது நெடுஞ்சாலையை விட்டுச் சற்றே விலகுவோம். ஏரிக்கரையில் நின்று, இவர்களுக்காகவும் ஒரு செபம் சொல்வோம்.