நூறு பேர் கேட்க, ஒருவர் நினைவில் வைத்தது

கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் பஸ்ஸில் ஏறினால் குள்ளஞ்சாவடி, குறிஞ்சிப்பாடி தாண்டி வடலூர் வரும். வள்ளலார் ஊர். அவர் பாடியது அருட்பாவா மருட்பாவா என்று ஒரு பெரிய சண்டை நடந்தது பலருக்குத் தெரிந்திருக்கும். அதில் வள்ளலார் பக்கம் நின்று மேடையேறிப் பேசியவர்களில் ஒருவர் முஸ்லிம் புலவர். நாகர்கோவில் இடலாக்குடியில் 1874ல் பிறந்த செய்குத்தம்பி பாவலர். அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் 'சதாவதானி' என்ற பட்டம்தான் இங்கே விஷயம்.

1907ல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் பாவலர் சதாவதானம் செய்து காட்டினார். சதம் என்றால் நூறு, அவதானம் என்றால் கவனம். அவதான மேடையில் ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார். ஒருவர் கணக்குப் போடச் சொல்வார். நடுவில் மணி அடிக்கும், முதுகில் சின்னக் கல் விழும். பாட்டையும் முடித்து, மணி எத்தனை, கல் எத்தனை என்றும் சொல்ல வேண்டும்!

சாதாரண மனிதருக்கு என்ன கொள்ளும்? ஏழு, கூடக்குறைய இரண்டு என்றார் ஜார்ஜ் மில்லர் (1956). நான்குதான் என்று 2001ல் கோவன் குறைத்துவிட்டார். 1959ல் பீட்டர்சன் தம்பதி மூன்றே எழுத்துகளைக் கொடுத்து, உடனே எண்களை மூன்று மூன்றாகக் குறைத்துச் சொல்லச் சொன்னார்கள். 18 வினாடியில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. கவனத்தைக் கலைத்தால் அவ்வளவுதான். அவதானத்திலோ கலைப்பதுதான் விளையாட்டே.

அப்படியானால் பாவலருக்கு மட்டும் பெரிய பெட்டியா? இல்லை என்றே தோன்றுகிறது. 1980ல் எரிக்சனும் சேஸும் வெளியிட்ட சோதனையில் ஒரு கல்லூரி மாணவர் ஏழு இலக்கத்தில் தொடங்கி, இருநூறு மணி நேரத்துக்கு மேல் பழகி, எண்பது இலக்கம் வரை சொன்னார். அவர் ஓட்டப்பந்தய வீரர். 3492 என்று கேட்டால் ஒரு மைல் ஓடிய நேரமாக மாற்றிக்கொள்வார். எண்ணுக்குப் பதில் எழுத்தைக் கொடுத்தார்கள், பழையபடி ஆறுக்கு இறங்கிவிட்டார். பாவலருக்கு அந்த ஓட்டப்பந்தயம் யாப்பு. எதுகையும் தளையும் பாதிச் சொற்களைத் தாமே தள்ளிவிடும், மீதியில் தேடினால் போதும்.

மணிக்கு யாப்பு உதவாது. ஆனால் அங்கே வைத்திருக்க வேண்டியது ஒரே ஒரு எண். ஒவ்வொரு அடிக்கும் பழையதை விட்டுப் புதியதைப் பிடிக்க வேண்டும். வெறுமனே சேமிப்பது வேறு, வைத்துக்கொண்டே வேலை செய்வது வேறு என்று பேட்லியும் ஹிட்சும் 1974ல் பிரித்துக் காட்டியது இதைத்தான். ஒலிக்கு ஒரு இடம், காட்சிக்கு ஒரு இடம், இரண்டையும் மேய்க்க ஒரு மேற்பார்வையாளர். வாய் வெண்பா சொல்லிக்கொண்டிருக்கும்போது எண்ணை மனதுக்குள் முணுமுணுக்க முடியாதே, அதை வேறெங்கோ வைக்க வேண்டும்.

இந்தச் சோதனைகள் எல்லாம் பாவலர் 1950ல் மறைந்த பிறகு வந்தவை.